பேரலைக் குறை சொல்றதுக்கு முன்னாடி...

ரிவால்வர் வச்சு குறி பழகுறவங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. குண்டு சிதறிப் போய் விழுந்தா, பழி நேரா பேரல் மேலதான். "வேற பேரல் போட்டுடலாம்", "இன்னும் நீளமா ஒண்ணு வாங்கு", "முனையைச் சீவி விடு" என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். என் கட்சி வேற. பேரல் வேலையால் துல்லியம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. முதல் வேலை, அளந்து பார்ப்பது.

காரணம் ரொம்ப எளிது. ரைஃபிளில் தோட்டா உட்காரும் சேம்பர், பேரலிலேயே குடைந்தது. இரண்டும் ஒரே துண்டு. ரிவால்வரில் அப்படி இல்லை. சுழலும் சிலிண்டரில் ஆறு சேம்பர். ஒவ்வொன்றும் முறை வைத்து பேரலுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. ஒரே குழாயடியை ஆறு குடித்தனம் பங்கு போட்டுக்கிற கதைதான். ஆறில் ஒன்று கொஞ்சம் கோணலாக நின்றாலும், அதிலிருந்து வரும் குண்டு பேரலுக்குள் நுழையும்போதே ஒரு பக்கம் சீவப்பட்டுதான் போகும். அதுக்கு பேரல் என்ன பண்ணும், பாவம்?

அதனால சேம்பர்களுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்க. ஒவ்வொரு சேம்பருக்கும் தனித்தனி அட்டை. ரான்சம் ரெஸ்ட் மாதிரி துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் மணல் மூட்டையாவது வேண்டும். ஒரே வகைத் தோட்டாவில், சேம்பருக்குப் பத்து. மூணு குண்டு பக்கத்துப் பக்கத்தில் விழுந்ததை வைத்து முடிவு கட்டுவது ஜோசியம். அஞ்சு சேம்பர் ஒழுங்காக இருந்து ஒன்று மட்டும் விலகினால், சந்தேகப்பட வேண்டியது சிலிண்டரை.

அடுத்து சேம்பரின் முன்வாய். .357 மேக்னம் ரிவால்வரில் பேரலின் வரிப்பள்ள விட்டம் 0.357 அங்குலம் என்றால், முன்வாய் அதே அளவோ ஒரு மயிரிழை கூடவோ இருக்கணும். குறுகலாக இருந்தால் ஈயக்குண்டு அங்கேயே இளைத்துப் போய், பேரலில் தொளதொளவென்று ஓடும். இந்த நிலையில் எவ்வளவு உசத்தியான பேரல் போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது.

இதெல்லாம் சரியாக இருந்தும் சிதறினால், அப்போ பேரலுக்கு வாங்க. அங்கேயும் முக்கியமா பார்க்க வேண்டியது மூணு இடம்தான்.

ஒண்ணு, பின்வாயில் இருக்கும் ஃபோர்சிங் கோன். சேம்பரிலிருந்து தாவி வரும் குண்டை நடுவுக்குக் கொண்டுவரும் புனல் இது. சொரசொரப்பாகவோ கோணலாகவோ இருந்தால் ஈயம் சீவி பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் முகத்தில் படலாம் என்பதால் இது வெறும் துல்லியப் பிரச்சினை இல்லை.

ரெண்டு, பேரல் ஃபிரேமில் திருகப்பட்டிருக்கும் மரைப் பகுதி. ரொம்ப இறுக்கினால் அந்த இடத்தில் உள்துளை லேசாகச் சுருங்கும். மெத்தென்ற ஈயக்குண்டு அங்கே நசுங்கி, மீதி தூரம் பிடிப்பில்லாமல் போகும்.

மூணு, முனையில் இருக்கும் கிரவுன். குண்டு வெளியேறும் நொடியில் பின்னாடி வரும் வாயு எல்லாப் பக்கமும் சமமாகப் பிரியணும். ஒரு ஓரத்தில் சின்ன வடு இருந்தாலும், கிளம்பும்போதே குண்டைத் தள்ளிவிடும்.

"நீளமான பேரல்னா துல்லியம் ஜாஸ்தி" என்பதும் பாதி உண்மைதான். நீளம் கூடினால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும், அதனால் நம் கண்ணின் பிழை குறையும். வேகமும் கூடும். ஆனால் தாங்கியில் பூட்டிச் சுட்டால், நீளத்துக்காக மட்டும் குண்டுகள் நெருங்கி விழாது.

இதுக்கு நல்ல உதாரணம் டான் வெசன் ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனர்களில் ஒருவரான வெசனின் கொள்ளுப்பேரன் 1968-ல் தொடங்கிய கம்பெனி. மெல்லிய பேரலை ஃபிரேமில் திருகி, மேலே ஓர் உறை மாட்டி, முனையில் நட்டு போட்டு இறுக்குவார்கள். பேரல் இரண்டு பக்கமும் பிடிபட்டு, இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி நிற்கும். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவிலான 0.006 அங்குல இடைவெளியைச் சரிபார்க்க ஒரு ஃபீலர் கேஜையும் கூடவே கொடுத்தார்கள். சிலிண்டர் பூட்டையும் முன்பக்கம், கிரேனிலேயே வைத்தார்கள். 200 மீட்டரில் நிற்கும் இரும்பு ஆட்டுக்கடாவைச் சாய்க்கும் சிலூவெட் போட்டிகளில் இந்த ரிவால்வர் பேர் வாங்கியது. நான் இதில் பார்ப்பது பேரலின் மகிமையை அல்ல. பேரலை எப்படிப் பிடிக்கிறோம், சிலிண்டரை எப்படி நேராக நிறுத்துகிறோம், இடைவெளியை எப்படி அளக்கிறோம் என்ற அக்கறையைத்தான்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எங்க சாஃப்ட்வேர் தொழிலில் கோடைச் சொதப்பினால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். சீவின இரும்பு திரும்ப வளராது :-) ஃபோர்சிங் கோனை அளவுக்கு மீறி வெட்டினால் பேரலைக் கழற்றி, பின்பக்கத்தைக் குறைத்து மறுபடி பொருத்தணும். அதனால கைதேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் போகும்போது "பேரலைப் பாருங்க"ன்னு மொட்டையாகச் சொல்லாமல், ஆறு அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. எங்கே கை வைக்கணும், எங்கே வைக்கக் கூடாதுன்னு அந்த ஆறு அட்டை அவருக்குச் சொல்லிடும்.