பொம்மலாட்டம்: வீட்டுக்குள் வளர்ந்த கலையை ஒரு அமைப்பு காப்பாற்றுமா? முழு விவரம்

கேரளத்தின் பாலக்காடு பகுதி பத்திரகாளி கோயில்களில் ஆண்டுதோறும் தோல்பாவைக்கூத்து நடக்கும். கூத்துமாடம் என்று தனி மேடை, நீளமான திரை, அதன் பின்னால் வரிசையாக எரியும் 21 விளக்குகள். பாடப்படுவது கம்பராமாயணம். ஆமாம், கேரளத்தில்தான், தமிழில்தான்.

பல இரவுகளில் திரைக்கு முன்னால் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். ஆனாலும் கூத்து நிற்காது. காரணம், அங்கே பார்வையாளர் பத்திரகாளிதான் என்பது நம்பிக்கை. தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தை அவள் பார்க்க முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கூத்து என்கிறது கதை.

சாமிக்காக நடக்கும் கூத்துக்கு ஆள் வராவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஆட்டுவிக்க ஆள் வேணுமே? அடுத்த தலைமுறைக்கு யார் சொல்லிக்கொடுப்பது, அதற்கு யார் சம்பளம் கொடுப்பது? குடும்பம் பார்த்துக்கொண்டிருந்த அந்த வேலை இப்போது டிரஸ்ட், சொசைட்டி என்று பதிவு செய்யப்பட்ட அமைப்புகளிடம் வந்திருக்கிறது. அவை எப்படி இயங்குகின்றன? எங்கே திணறுகின்றன?

*பொம்மலாட்டமும் தோல்பாவைக்கூத்தும் ஒன்றா?*

இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு மரபுகள் உண்டு.

முதலாவது, மரப்பாவைகளைக் கொண்ட பொம்மலாட்டம். தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரம் இதற்குப் பேர் போனது. நூல், கம்பி இரண்டையும் சேர்த்து இயக்குவார்கள். ஒரு பொம்மை நாலரை அடி உயரம், 10 கிலோ எடை வரை இருக்கும். நூல்கள் ஒரு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். அந்த வளையத்தைக் கலைஞர் கிரீடம் மாதிரி தலையில் மாட்டிக்கொள்வார். தலை அசைந்தால் பொம்மை அசையும். கைகளுக்குத் தனியாகக் கம்பிகள்.

இரண்டாவது, தோல்பாவைக்கூத்து. பதப்படுத்திய தோலில் உருவங்களை வெட்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டி, விளக்கு வெளிச்சத்தில் திரையில் காட்டுவது. தமிழ்நாட்டில் இதை நடத்துபவர்கள் பெரும்பாலும் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள். ஒரே ஆள் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் மாற்றிப் பேசி, பாவைகளையும் ஆட்டுவார். ராமன், ராவணன், அனுமன், நடுவில் கிண்டலடிக்கும் கோமாளிகள், எல்லாம் ஒரே தொண்டைதான்.

*குடும்பமே பள்ளிக்கூடம்: அது ஏன் உடைந்தது?*

இந்தக் கலைகளுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. அப்பா ஆட்டுவிப்பார், அம்மா பின்பாட்டுப் பாடுவார், பிள்ளைகள் தாளம் போடுவார்கள். ஏழெட்டு வயதில் பாவைகளை எடுத்துக் கொடுக்கத் தொடங்கும் பையன், இருபது வயதில் முழு இரவுக் கூத்தைத் தாங்குவான். ஃபீஸ் இல்லை, சர்டிபிகேட் இல்லை. சாப்பாடும் தொழிலும் ஒன்றாகவே இருந்தன.

சினிமாவும் டிவியும் வந்தபின் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடத்திய கூத்துகள் குறைந்தன. வருமானம் குறைந்ததும் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை வேறு வேலைக்குப் போகும்போது இந்தக் கலை ஒரு கலைஞரை மட்டும் இழப்பதில்லை. நாளைய ஆசிரியரையும் சேர்த்தே இழக்கிறது.

*ஒரு நாள் ஒர்க்‌ஷாப் போதாதா?*

இன்று நகரங்களில் பொம்மலாட்ட ஒர்க்‌ஷாப்புகளுக்குக் குறைச்சல் இல்லை. குழந்தைகள் காகிதத்திலும் சாக்ஸிலும் பொம்மை செய்து, ஐந்து நிமிடக் கதை நடத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். இதில் தவறில்லை. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட, 1979-ல் தொடங்கப்பட்ட கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையம், பள்ளி ஆசிரியர்களுக்கே பொம்மலாட்டப் பயிற்சி தருகிறது. கணக்கோ அறிவியலோ, பொம்மை பேசினால் குழந்தைகள் கேட்பார்கள்.

ஆனால் ஒர்க்‌ஷாப் உருவாக்குவது ரசிகர்களை, ஆட்டுவிப்பவர்களை அல்ல. முழுப் பயிற்சி என்றால் குறைந்தது நான்கு விஷயங்கள் கைவர வேண்டும்:

• செய்தல்: தோலைப் பதப்படுத்துவது, எங்கே துளையிட்டால் ஒளி கசியும் என்று தெரிவது, மூட்டுகளைக் கட்டுவது. முன்பு கேரளத்தில் மான்தோலும் பயன்பட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் ஆட்டுத்தோல் போன்றவைதான் வழி.

• ஆட்டுவித்தல்: பொம்மை மூச்சுவிடுவது மாதிரி, யோசிப்பது மாதிரி தெரிய வேண்டும். பேசாத பாத்திரத்தை அசையாமல் வைத்திருப்பதும் ஒரு திறமைதான்.

• குரலும் பாட்டும்: பாத்திரத்துக்கு ஒரு குரல், இரவு முழுக்க மாறாமல்.

• கதைநூல்: பாலக்காட்டுக் கூத்தில் கம்பன் பாடல்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. அவற்றுக்கு நீண்ட உரையும் வாதமும் சொல்லத் தெரிய வேண்டும். அதனால்தான் அந்தக் கலைஞர்களுக்குப் புலவர் என்றே பட்டம்.

இது வார இறுதி கிளாஸில் நடக்கிற காரியம் இல்லை. பல வருஷம் ஆகும். அந்த வருஷங்களில் மாணவர் எதை வைத்துச் சாப்பிடுவார் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

*அமைப்பு தொடங்க என்ன செய்ய வேண்டும்?*

சட்டப்படி மூன்று வழிகள் உள்ளன. அறக்கட்டளையாகப் பத்திரம் பதியலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம். அல்லது கம்பெனிகள் சட்டம் 2013-ன் 8-வது பிரிவில் லாப நோக்கற்ற நிறுவனம் தொடங்கலாம்.

அதற்குப் பிறகு பான் எண், வங்கிக் கணக்கு, ஆண்டுத் தணிக்கை, அமைப்புக்கான வரிவிலக்குப் பதிவு, நன்கொடை தருவோருக்கு வரிச் சலுகை கிடைக்கும் பதிவு. வெளிநாட்டுப் பணம் வாங்க வேண்டுமென்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி தனி அனுமதி.

படிக்க ஈஸியாகத்தான் இருக்கும். ஆனால் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடத்தி வருகிற ஒருவர், காலையில் ஆடிட்டருக்கு பில் அனுப்ப வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதத் தெரிந்தவருக்கு நிதி கிடைக்கும்; பாவை வெட்டத் தெரிந்தவருக்கு அந்த ரிப்போர்ட் எழுத வராது.

*பணம் எங்கிருந்து வரும்?*

மத்திய கலாசார அமைச்சகத்தின் குரு - சிஷ்யப் பரம்பரைத் திட்டத்தில், தேர்வாகும் கலைக்குழுவின் குருவுக்கு மாதம் ரூ. 15,000-மும், சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து ரூ. 2,000 முதல் ரூ. 10,000 வரையும் உதவித்தொகை உண்டு.

இன்னொரு வழி கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. நிகர மதிப்பு ரூ. 500 கோடி, விற்றுமுதல் ரூ. 1,000 கோடி, நிகர லாபம் ரூ. 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம் தன் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் பாரம்பரியக் கலைகளை வளர்ப்பதும் இருக்கிறது. இது பல கலைக்குழுக்களுக்கே தெரியாது. பல நிறுவனங்களின் எச்ஆர் டீமுக்கும் தெரியாது.

மூன்றாவது, நிகழ்ச்சிக் கட்டணம். நாட்டுப்புற, செவ்வியல் இசை, நடன, நாடக நிகழ்ச்சிகளுக்குக் கலைஞர் வாங்கும் தொகை ரூ. 1.5 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி இல்லை.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது உதாரணம்தான். ஒரு ஸ்கூல் ஷோவுக்கு ரூ. 20,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்குத் தலா ரூ. 2,000 வீதம் 10,000. வேன் வாடகை 5,000. ஸ்பீக்கர், விளக்கு, சாப்பாடு 3,000. கையில் மிஞ்சுவது ரூ. 2,000.

மூன்று மாணவர்களுக்கு மாதம் தலா ரூ. 5,000 உதவித்தொகை கொடுக்க ரூ. 15,000 வேண்டும். அதற்கு மட்டுமே மாதம் எட்டு ஷோ தேவை. பரீட்சை மாதங்களிலும் கோடை விடுமுறையிலும் ஸ்கூல் ஷோ கிடையாது. இடத்துக்கு வாடகை, புதுப் பாவைக்குத் தோல், ஆடிட்டர் ஃபீஸ் எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஷோவுக்குப் பணம் தர ஆள் இருக்கிறார்கள். ஷோவுக்கு முந்தைய ஐந்து வருஷப் பயிற்சிக்குத்தான் ஆளைக் காணோம்.

*கூனத்தறை சொல்லும் பாடம்*

பாலக்காடு மாவட்டம் ஷொர்ணூர் அருகே உள்ள கூனத்தறையில், கிருஷ்ணன்குட்டிப் புலவர் பெயரில் ஒரு தோல்பாவைக்கூத்து மையம் இயங்குகிறது. கோயிலுக்குள் இருந்த கூத்தை வெளிமேடைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய மகன் கே.கே. ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த மையம் இரண்டு தண்டவாளத்தில் ஓடுகிறது. கோயிலில் பழைய கம்பராமாயணக் கூத்து, மாற்றமில்லாமல். வெளியே, காந்தி கதை உட்பட புதிய கதைகள், குறைந்த நேரத்தில். கூத்துமாடத்தில் பெண்கள் ஆட்டுவிக்கும் வழக்கம் இல்லை. ஆனால் ராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா, பெண்கள் மட்டுமே கொண்ட குழுவை உருவாக்கி வெளிமேடைகளில் நடத்துகிறார். பாலக்காட்டில் ரோபோ நுட்பத்தால் பாவைகளை அசைக்கும் முயற்சியும் நடந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: புதிய நிகழ்ச்சி பணமும் ஆட்களும் கொண்டுவருகிறது, பழைய கூத்து கற்றுக்கொள்ள ஆழம் தருகிறது. ஒன்றை விட்டால் மற்றொன்று நிற்காது. அமைப்பு என்று ஒன்று இருப்பதால்தான் வீட்டுப் பெண்களும், வெளியிலிருந்து வரும் மாணவர்களும் உள்ளே வர ஒரு கதவு திறந்தது.

*மற்ற நாடுகளில் எப்படி?*

ஜப்பானின் புன்ராக்கு கலையில் ஒரு பொம்மையை மூன்று பேர் ஆட்டுவார்கள். காலுக்குப் பத்து வருஷம், இடது கைக்குப் பத்து வருஷம், பிறகுதான் தலையும் வலது கையும் என்று சொல்வது வழக்கம். 1972 முதல் அங்கே அரசு ஆதரவில் பயிற்சித் திட்டம் நடக்கிறது. குடும்பப் பின்னணி இல்லாதவர்களும் சேரலாம்.

பிரான்ஸின் ஷார்ல்வில் மெசியே நகரில் 1987 முதல் பொம்மலாட்டத்துக்கென்றே உயர்கல்விப் பள்ளி இருக்கிறது. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் அடுத்த தலைமுறைப் பொம்மலாட்டக் கலைஞர்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்தை, சிறந்த பாதுகாப்பு முறைகளில் ஒன்றாக 2012-ல் யுனெஸ்கோ பதிவு செய்தது. அங்கீகாரம் கிடைத்தது கலைக்கு மட்டுமல்ல, கற்றுக்கொடுக்கும் முறைக்கே. பக்கத்தில் இலங்கையின் ரூகட நூல்பாவை நாடகமும் 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

இந்தியாவில் நாடகத்துக்கு 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. பொம்மலாட்டத்துக்கு அப்படியொரு தேசியப் பள்ளி இல்லை. 1986-ல் டெல்லியில் தாதி புதும்ஜி தொடங்கிய இஷாரா, 1998-ல் அனுரூபா ராய் தொடங்கிய கட்கதா போன்ற அமைப்புகள்தான் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன.

*அப்போ இது யாருடைய கலை?*

நகரத்து அமைப்பு கிராமத்துக் கலைஞரை அழைத்து ஒர்க்‌ஷாப் நடத்தும். அவர் சொல்லிக்கொடுத்ததைக் கற்றவர்கள் பிறகு தாங்களே ஷோ நடத்துவார்கள். போஸ்டரில் அமைப்பின் பெயர் இருக்கும். கற்றுக்கொடுத்தவருக்கு அந்த ஒரு நாள் சம்பளம் மட்டும். சட்டப்படி இதில் தப்பு எதுவும் காட்ட முடியாது. ஆனால் இது நியாயமா?

இதைத் தவிர்ப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. பரம்பரைக் கலைஞரை ‘ரிசோர்ஸ் பர்சன்’ ஆக மட்டும் கூப்பிடாமல் நிர்வாகக் குழுவில் உட்கார வைக்கலாம். அவருடைய பாவை வடிவத்தையோ கதைப்பிரதியையோ பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் பெயர் போட்டு, பங்கு கொடுக்கலாம். பதிவு செய்த வீடியோ யாருக்குச் சொந்தம் என்று முதல் நாளே எழுதி வைக்கலாம்.

*அடுத்து என்ன?*

டிரஸ்ட் டீட் பாவையை ஆட்டுவிக்காது. ஆனால் ஆட்டுவிக்கக் கற்கும் ஒருவருக்கு மாதம் முதல் தேதி ஒரு தொகை வருமா, வராதா என்பதை அதனால் முடிவு செய்ய முடியும். அமைப்புகளை மதிப்பிடவும் இதையே அளவுகோலாக வைக்கலாம். வருஷத்துக்கு எத்தனை ஷோ நடத்தினார்கள் என்று மட்டும் கேட்காமல், மூன்று வருஷத்துக்கு முன் சேர்ந்த மாணவர்களில் எத்தனை பேர் இன்னும் திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

உங்கள் ஆபீஸ் ஃபேமிலி டேவுக்கு பொம்மலாட்டம் புக் பண்ணும் யோசனை இருந்தால், அரை மணி நேர ஷோவோடு நிறுத்த வேண்டாம். ஒரு மாணவரின் ஒரு வருஷப் பயிற்சிக்கு எவ்வளவு ஆகும் என்றும் அந்தக் குழுவிடம் கேட்கலாம். மார்ச் 21 உலகப் பொம்மலாட்ட தினத்துக்கு ஸ்டேட்டஸ் போடுவதைவிட அது அவர்களுக்கு உதவும்.

பத்திரகாளி அடுத்த ஆண்டும் கூத்துப் பார்க்கக் காத்திருப்பாள். திரைக்குப் பின்னால் விளக்கேற்றி, பாவையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை இருக்குமா என்பது மட்டும்தான் இப்போதைய கேள்வி.