தூக்குக் கதவின் கம்பிவடம்

கனடாவில் வாழும் உற்றார் இல்லங்களுக்குச் சென்று மீண்டோர் அங்குள்ள மோட்டார்க் கொட்டகைக் கதவுகளைக் கண்டிருப்பர். பொத்தானை அழுத்தியதும், பதினாறடி அகலக் கதவு பகுதி பகுதியாக வளைந்து மேலெழுந்து கூரையின்கீழ்ப் படுத்துக்கொள்ளும். இத்தகைய கதவை 1921ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோன்சன் என்பவர் ஆக்கினார். சென்ற ஆண்டு பெப்ரவரியில் ஸ்காபரோவிலே மருமகன் இல்லத்தில் நாம் தங்கியிருந்தபோது இக்கதவினால் ஒரு பேரிடர் நேரவிருந்தது.

கதவு ஏறியிறங்குகையில் உராயும் ஓசை சில வாரங்களாகவே கேட்டதாம். ஒரு ஞாயிறு காலை குனிந்து பார்த்தோம். இடப்புறக் கம்பிவடத்தின் அடியில் இழைகள் பல அறுந்து முட்களைப்போலச் சிலிர்த்து நின்றன. மருமகன் உடனே கடைக்கு ஓடிக் கால் அங்குலத் தடிப்புள்ள வடமொன்றை வாங்கிவந்தார். "மாமா, இது இனி ஒருநாளும் அறாது" என்று கூறியவாறே, மூடிய கதவின் அடிமூலையில் பழைய வடத்தைப் பற்றியிருந்த தகட்டின் திருகாணியிற் சாவியை மாட்டினார்.

"தம்பி, கையை எடும்!" என்று நாம் போட்ட கூச்சலில் அடுக்களையில் நின்றோரும் ஓடிவந்தனர்.

நாம் அஞ்சியதன் காரணம் இது. நம்மூர்க் கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். அதன் அடிமரத்திற் கட்டிய பாரம் வாளியின் நிறையை ஈடுசெய்வதனாலேயே சிறுவனும் நீரள்ள முடிகின்றது. ஏறத்தாழ 200 இறாத்தல் நிறையுள்ள அக்கதவுக்குத் துலாப் பாரமாய் அமைந்தது வாயிலின் மேலே முறுக்கி வைத்துள்ள சுருள்வில். கதவைத் தூக்குவது மோட்டார் என்று பலர் எண்ணுவர். மோட்டார் வழிகாட்டுவதே, சுமப்பது வில். வில்லின் விசை இருபுற உருளைகளிலே சுற்றிய வடங்களின் வழியாக அந்த அடிமூலைத் தகடுகளுக்கு வந்து சேர்கின்றது. கதவு மூடியிருக்கையிலேதான் வில் முழு முறுக்கில் நிற்கும். அவ்வேளையில் ஆணி கழன்றால் தகடு அம்பெனப் பாயும். எதிரே இருப்பது விரலோ கண்ணோ என்று அது பாராது.

வாங்கிவந்த வடமும் பொருந்தாது. தடித்தது வலியது என்னும் எண்ணம் இங்கே பிழைக்கும். அவ்வுருளையின் விட்டம் ஏறத்தாழ 4 அங்குலம். அதன் தவாளிப்புகள் 1/8 அங்குல வடத்துக்கென வெட்டப்பட்டவை. கால் அங்குல வடம் அவற்றில் அமராது. சிறிய உருளையில் ஓயாது வளைவதால் அதன் இழைகளும் விரைவில் நொந்துவிடும். இழைகளின் எண்ணிக்கையையும் நோக்கல் வேண்டும். ஏழு புரிகளில் ஏழேழு இழை கொண்டது 49 இழை வடம். அதே தடிப்பில் புரிக்குப் பத்தொன்பதாக 133 மெல்லிழைகள் கொண்டது இலகுவில் வளையும். நாகம் பூசிய 1/8 அங்குல 133 இழை வடம் அறுவதற்கு 2000 இறாத்தல் விசை வேண்டும். பக்கமொன்றுக்கு விழும் சுமையோ 100 இறாத்தலளவே.

அவ்வாறாயின் பழைய வடம் ஏன் நைந்தது? பனியை உருக்கத் தெருவிலே தூவும் உப்பைக் கார் சுமந்துவந்து கொட்டகைத் தரையிற் சொட்டுகின்றது. வடத்தின் அடிமுனை மாரி முழுவதும் அவ்வுப்பு நீருக்கு அருகிலேயே இருக்கின்றது. துருப்பிடியா உருக்கு வடம் உப்பைத் தாங்கும்; ஆனால் விலை கூடியது, அதே தடிப்பில் வலிமையும் சற்றுக் குறைவு. நாகம் பூசியதை வாங்கி, அடிமுனையை அவ்வப்போது துடைத்து எண்ணெயிடுதலே போதுமென்பது நம் எண்ணம்.

1834ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் அல்பேர்ட் என்பவர் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். அதற்குமுன் அங்கே பயன்பட்ட சங்கிலியில் ஒரு கண்ணி அற்றால் யாவும் வீழும். வடத்திலோ இழைகள் ஒவ்வொன்றாய் அறுந்து முன்னறிவித்தல் தரும். மருமகனின் வடமும் பல வாரம் அறிவித்தல் கொடுத்தது. மோட்டாரின் இரைச்சலில் அது எவர் காதிலும் ஏறவில்லை.

மறுநாள் தொழிலாளர் ஒருவர் வந்தார். மோட்டாரின் மின்னிணைப்பைத் துண்டித்து, இரண்டு உருக்குக் கோல்களால் வில்லின் முறுக்கைக் காற்சுற்றுக் காற்சுற்றாகத் தளர்த்திய பின்னரே தகட்டைத் தொட்டார். ஏழடி உயரக் கதவுக்கு ஏறத்தாழ எட்டரை அடி நீளமான வடங்கள் இரண்டையும் ஒருங்கே மாற்றினார். வலப்புற வடம் நன்றாகத்தானே இருக்கின்றது என்று மருமகன் வாதிட்டார். பழையது சிறிது நீண்டிருக்கும், புதியதோடு இணைந்தால் கதவு சாயும் என்று விடை வந்தது. பின்னர் வில்லை மீண்டும் முறுக்கி, மோட்டாரைப் பூட்டாமலே கதவைக் கையால் இடுப்பளவுக்கு உயர்த்தி விட்டார். அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நின்ற இடத்திலேயே நின்றது.

கால் அங்குல வடத்தைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. கோடை வந்ததும் அதைக் கொல்லையிலே துணி உலர்த்துங் கொடியாகக் கட்டிவிட்டதாக மருமகனின் மனைவி எழுதியிருந்தார்.