தசை எழுதும் கடிதம்

ஹந்தானைச் சாரலிலே, காலைப் பனி விலகுமுன் கொழுந்து பறிக்க ஏறிச் செல்லும் பெண்களைக் கண்டிருப்பீர்கள். அவ்வேற்றத்தில் அவர்தம் கால்தசைகள் உடலைச் சுமப்பதோடு நிற்பதில்லை. கொழுப்புக்குக் கடிதமும் எழுதுகின்றன!

தசை இழுப்பதற்கு, கொழுப்பு சேமிப்பதற்கு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 1994 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டினுக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்பு தன் இருப்பின் அளவை மூளைக்கு அறிவிப்பது இந்த லெப்டின் வாயிலாகவே. பண்டகசாலைக்கும் வாயுண்டு எனத் தெரிந்தது.

தசையும் ஊமையன்று. உழைக்கும் கால்தசை, இன்டர்லியூகின்-6 என்னும் பொருளை இரத்தத்தில் விடுவதை 2000 ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் ஆய்வாளர் காட்டினர். அக்குழுவின் பென்டே கிளார்லுண்ட் பீடர்சன், தசை விடுக்கும் இத்தகைய தூதுகளுக்கு ‘மயோகைன்’ எனப் பெயரிட்டார். “சேமித்ததைக் கரைத்துத் தா” என்பதே கொழுப்புக்கு இத்தூது சொல்லும் செய்தி.

இதற்குச் சான்று யாது? வயிறு பருத்தவர்களைப் பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி செய்வித்தனர். அவர்களுடைய வயிற்றுக்குள் இருந்த கொழுப்புக் குறைந்தது. ஆனால் இன்டர்லியூகின்-6 இன் செயலை மருந்தால் தடுக்கப்பட்டவர்கள் அதே பயிற்சியைச் செய்தும், அக்கொழுப்புக் குறையவில்லை! 2019 இல் வெளியான முடிவு இது. கடிதம் சேராவிடின் காரியமும் இல்லை.

கொழுப்பும் மறுமொழி எழுதும். அளவோடிருக்கையில் அது விடும் அடிபோனெக்டின், தசை எரிபொருளை நன்கு பயன்படுத்த உதவும். வயிற்றில் மிகுந்துவிட்டாலோ, அழற்சிப் பொருள்களை அனுப்பி, இன்சுலினின் சொல்லைத் தசை கேளாதவாறு செய்துவிடும். நீரிழிவுக்கு வழி அதுவே. தென்னாசியராகிய நமக்கு, மெலிந்த தோற்றத்திலும் வயிற்றுக்குள் கொழுப்புத் தங்கும் இயல்பு மிகுதி.

பாட்டி கூடையுடன் ஏறினாள். பேரன் நகரத்துக் கடையிலே நாள் முழுதும் அமர்ந்திருக்கிறான். பாட்டியின் கடும் உழைப்பையும் குறைந்த கூலியையும் நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆயினும், அவளுடைய தசைகள் நாள்தோறும் எழுதிய கடிதத்தைப் பேரனின் தசைகள் எழுதாமலே இருக்கின்றன அன்றோ?

வாசகர்களே, ஞாயிறு மாலையில் பிள்ளைகளுடன் ஹந்தானைத் தேயிலை நூதனசாலை வரை நடந்து ஏறுங்கள். நீரிழிவுக்கு மருந்துண்போரும் இருதய நோயுடையோரும் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்க. ஒருநாள் ஏற்றம் போதாது. மறுநாளும் நடக்க வேண்டும். தசை உழைக்கும்போதுதான் கடிதம் எழுதும்!