திரையிலும் தமிழ் வேண்டும்

மத்திய வங்கி வெளியிடும் ஒவ்வொரு நாணயத்தாளிலும் தமிழ் உண்டு. கமக்காரர் அதன் பெறுமதியைத் தாமே வாசித்தறிவர். இன்று அதே வங்கி, ‘லங்கா கியூ.ஆர்.’ மூலம் கைப்பேசியாற் பணம் செலுத்துமாறு ஊக்குவிக்கின்றது. நாம் அதனை எதிர்க்கவில்லை. சில்லறைத் தட்டுப்பாடும் திருட்டுப் பயமும் நீங்குமாயின் நன்றே.

ஆனால், சந்தையில் வெங்காயம் விற்றவருக்கு வரும் வங்கிச் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்திலன்றோ இருக்கிறது! பணம் வந்ததா, கட்டணம் எவ்வளவு கழிந்தது என்றறிய அவர் பிறர் முகத்தைப் பார்க்க வேண்டியுள்ளது. இந்த மயக்கமே மோசடிக்காரரின் மூலதனம்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. தாளில் உள்ள உரிமை திரையில் மறையலாமா? பணச் செய்திகளைத் தமிழிலும் அனுப்புமாறு வங்கிகளை மத்திய வங்கி பணிக்க வேண்டும். அதுவரை காசாகவே கேட்டு வாங்கக் கமக்காரர் கூச வேண்டியதில்லை.