ரேஸிங் லைன்: காரில் தவறினால் 5 விநாடி அபராதம்... பனியில்?

2008 ஜனவரி. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூல் நகரம். உலகின் மிகக் கடினமான டவுன்ஹில் பனிச்சறுக்குப் பாதை என்று பெயரெடுத்த ‘ஸ்ட்ரைஃப்’. அமெரிக்க வீரர் போடி மில்லர், ‘ஷ்டைல்ஹாங்’ என்ற செங்குத்துச் சரிவை முடித்து வெளியே வருகிறார். வளைவு நினைத்ததைவிட அகன்றுபோகிறது. பனி முடிந்து பாதுகாப்பு வேலி குறுக்கே வருகிறது. மில்லர் நிறுத்தவில்லை. வேலியில் கட்டியிருந்த விளம்பரத் தட்டியின் மீதே ஸ்கீயை ஏற்றி, சுவரில் ஓடுவது மாதிரி ஓடி, மறுபடி பாதையில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தார். அன்று அவருக்கு இரண்டாம் இடம்.

அந்த வீடியோவைப் பார்க்கிற கார் ரேஸ் ரசிகர்களுக்கு உடனே ஃபார்முலா 1 ஞாபகம் வரும். வளைவைவிட்டு வெளியே வரும்போது டிராக்கின் கடைசி அங்குலம் வரை காரை ஓடவிடுவார்களே, அதேதான் இது என்று தோன்றும். டிவி வர்ணனையிலும் ‘ரேஸிங் லைன்’ என்ற அதே வார்த்தை இரண்டு விளையாட்டுக்கும் சாதாரணமாகப் புழங்குகிறது. ஆனா, இந்த ஒப்பீடு பாதிதான் சரி. மீதிப் பாதியைக் கவனிக்காமல் விட்டால், பனிச்சறுக்கு வீரர் அங்கே என்ன செய்கிறார் என்பதே புரியாமல் போய்விடும்.

முதலில் சரியான பாதி. வளைவில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை, பிடிமானமும் வளைவின் ஆரமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பிடிமானம் மாறாமல் ஆரம் 4 மடங்கானால், போகக்கூடிய வேகம் 2 மடங்காகும். அதனால்தான் கார் டிரைவர் டிராக்கின் வெளி ஓரத்தில் ஆரம்பித்து, உள் விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போகிறார். உள் விளிம்பைத் தொடும் புள்ளிக்குப் பெயர் ‘ஏபெக்ஸ்’. பனிச்சறுக்கு வீரருக்கு அந்த இடத்தில் கேட் இருக்கிறது. இரண்டு பேரும் திருப்பும் வேலையில் பெரும்பகுதியை அந்தப் புள்ளிக்கு முன்னாலேயே முடிக்கப் பார்க்கிறார்கள். லேட்டாகத் திருப்பினால் காரும் வெளியே தள்ளப்படும், ஸ்கீயும் தள்ளப்படும்.

ஆனா ஏன் முன்னாலேயே முடிக்கிறார்கள்? இங்கதான் இரண்டு கணக்கும் பிரிகிறது.

கார் டிரைவருக்கு இன்ஜின் இருக்கிறது. நீண்ட நேர்ப்பாதைக்கு முன்னால் வரும் வளைவில் அவர் கொஞ்சம் வேகத்தைத் தியாகம் செய்து, ஏபெக்ஸைத் தாமதமாகத் தொட்டு, காரை சீக்கிரம் நேராக்கி, ஆக்ஸிலரேட்டரை முன்கூட்டியே மிதிக்கிறார். 1 கி.மீ. நேர்ப்பாதையை சராசரி 200 கி.மீ. வேகத்தில் கடந்தால் 18 விநாடி. 205 என்றால் 17.56 விநாடி. வளைவுக்குள் கொஞ்சம் இழந்தாலும் நேர்ப்பாதையில் 0.44 விநாடி திரும்பக் கிடைக்கிறது. வேகத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிற வியாபாரம் அது.

பனிச்சறுக்கு வீரரிடம் வாங்குவதற்குக் காசே இல்லை. இருப்பது மலையின் உயரம் மட்டும்தான். ஸ்ட்ரைஃப் பாதையின் நீளம் 3,312 மீட்டர். மேலிருந்து கீழே 860 மீட்டர் இறக்கம். அந்த 860 மீட்டர்தான் மொத்த பெட்ரோல். ஒரு வளைவில் ஸ்கீ பக்கவாட்டில் சறுக்கினால், செலவானது திரும்பி வராது.

ஸ்கீயின் அமைப்பையும் பார்க்க வேண்டும். ஆண்கள் டவுன்ஹில் ஸ்கீ குறைந்தது 218 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். அதன் பக்கவாட்டு வளைவின் ஆரம் 50 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்கீயைச் சாய்த்து அதன் இரும்பு விளிம்பில் நின்றால், அந்தப் பெரிய வட்டத்தில் அது தானாகவே திரும்பும். வீரர் இன்னும் கொஞ்சம் அழுத்தி அந்த வட்டத்தைச் சுருக்கலாம். அதற்கும் மேல் திருப்ப முயன்றால் விளிம்பு பிடி விட்டு, ஸ்கீ பக்கவாட்டில் அரைக்க ஆரம்பிக்கும். டிவியில் வெள்ளையாகப் பனித்தூள் சிதறுகிறதே, பார்க்க அழகாக இருக்கும். அதுதான் பிரேக்.

அதனால் அவருடைய லைன், ‘எங்கே ஆக்ஸிலரேட்டர் கொடுப்பது’ என்று யோசிப்பதில்லை. ‘எங்கே எதையும் இழக்காமல் இருப்பது’ என்று யோசிக்கிறது. சரிவில் தண்ணீர் ஊற்றினால் எந்தத் திசையில் ஓடுமோ, அந்தத் திசைக்கு ஸ்கீயை எவ்வளவு சீக்கிரம் திருப்ப முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திருப்பி, முடிந்தவரை தட்டையாக ஓடவிட வேண்டும். மிகக் குறுகிய பாதைதான் மிக வேகமான பாதை என்பதும் இல்லை. ஈர்ப்பு விசையில் உருளும் பொருளுக்கு நேர்க்கோடு வேகமான வழி அல்ல என்ற புதிரை யோஹான் பெர்னூலி 1696-லேயே போட்டுவிட்டார்.

இப்போது மில்லரின் வேலிக்குத் திரும்புவோம். ஷ்டைல்ஹாங் முடிந்ததும் ஸ்ட்ரைஃபில் சரிவு குறைந்த, நீளமான பகுதி வருகிறது. கார் பந்தயத்தின் நேர்ப்பாதை மாதிரிதான். ஒரே வித்தியாசம், அங்கே மிதிக்க ஆக்ஸிலரேட்டர் கிடையாது. வளைவிலிருந்து என்ன வேகத்தோடு வெளியே வந்தீர்களோ, அதை வைத்துத்தான் அந்தத் தட்டைப் பகுதி முழுக்க ஓட்ட வேண்டும். மில்லர் வேலிக்கு முன்னால் ஸ்கீயைத் திருப்பி அரைத்திருந்தால் பத்திரமாக நின்றிருப்பார். பந்தயம் அங்கேயே முடிந்திருக்கும். தட்டி மீது ஏறியதைச் சர்க்கஸ் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஃபிரான்ஸ் கிளாமர் கதையும் இதே மாதிரி. 1976 இன்ஸ்ப்ருக் ஒலிம்பிக்கில் மஞ்சள் உடையில் அவர் தட்டுத்தடுமாறி இறங்கிய ஓட்டத்தை ‘பைத்தியக்காரத் தைரியம்’ என்றே இன்னும் சொல்கிறார்கள். பாதி வழியில் அவர் சுவிஸ் வீரர் பெர்ன்ஹார்ட் ருஸ்ஸியைவிடப் பின்தங்கியிருந்தார். கீழ்ப்பகுதியில், பயிற்சியில் எடுக்காத லைனில், வேலியோரமாக அகலமாகப் போய் வேகத்தைக் காப்பாற்றினார். 1 நிமிடம் 45.73 விநாடி, 0.33 விநாடி வித்தியாசத்தில் தங்கம். 100 கி.மீ. வேகத்தில் அது 9 மீட்டர் சொச்சம். தைரியம் இருந்தது, சரி. ஆனா ஜெயிக்க வைத்தது முடிவு. அதுவும் ஒரே தடவை எடுக்கக் கிடைக்கிற முடிவு. கார் டிரைவர் அதே வளைவைப் பந்தயத்தில் மட்டும் பல பத்து முறை பார்ப்பார். இந்தச் சுற்றில் விட்டதை அடுத்த சுற்றில் பிடிக்கலாம். டவுன்ஹில் வீரருக்குச் சில பயிற்சி ஓட்டங்கள், பிறகு ஒரே இறக்கம். அவ்வளவுதான்.

தவறின் விலையிலும் இரண்டும் ஒன்றல்ல. ஆஸ்திரியாவின் இன்னொரு மூலையில் ஷ்பீல்பெர்க்கில் ரெட் புல் ரிங் இருக்கிறது. 10 வளைவுகள், 71 சுற்றுகள். அங்கே 2023 கிராண்ட் பிரிக்ஸில் கார்கள் வெள்ளைக் கோட்டைத் தாண்டியதாக வந்த 1,200-க்கும் மேற்பட்ட புகார்களை அதிகாரிகள் பார்க்க வேண்டியிருந்தது. பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்து முடிவுகள் மாறின. காரணம் எளிமையானது: கோட்டுக்கு வெளியேயும் நல்ல தார்ச்சாலை இருந்தது. தாண்டினால் நஷ்டம் இல்லை, லாபம். லைன் என்பது ஓட்டும் திறமையாக இல்லாமல் வழக்கறிஞர் விவகாரமாகிவிட்டது. 2024-இல் கடைசி இரண்டு வளைவுகளின் வெளிப்புறத்தில் சரளைக்கல் பட்டை போட்டார்கள். பிரச்சினை கிட்டத்தட்ட காணாமல் போனது. எந்த கேமராவும் செய்யாததை இரண்டு லாரிக் கல் செய்தது என்றுகூடச் சொல்லலாம்.

இதை வைத்து, ‘தப்புக்கு விலை இருக்கணும், பனிச்சறுக்கைப் பாருங்க, அதுதான் உண்மையான விளையாட்டு’ என்று வாதிடுபவர்கள் உண்டு. அது அபத்தம். சரளைக்கல் டிரைவரின் நேரத்தைத்தான் பறிக்கிறது. மலை எதைப் பறிக்கும் என்பது சுவிட்சர்லாந்தின் வெங்கனில் 1991-இல் தெரிந்தது. கெர்னோட் ரைன்ஷ்டாட்லர் என்ற 20 வயது ஆஸ்திரிய வீரர், லாவ்பர்ஹார்ன் பாதையின் கடைசி வளைவில் லைனைத் தவறவிட்டார். அவருடைய ஸ்கீ பாதுகாப்பு வலையில் சிக்கியது. காயங்களால் இறந்துபோனார். அதே பாதையின் வேறொரு பகுதியில் 2013-இல் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கி.மீ. தொட்டார். அந்த வேகத்தில் வீரரைச் சுற்றி இருந்தது ஹெல்மெட்டும் மெல்லிய உடையும்தான்; ஃபார்முலா 1 டிரைவரைச் சுற்றி கார்பன் ஃபைபர் கூடு இருக்கிறது.

ஆகவே கார் பந்தயத்துக்குத் தேவை கொஞ்சம் அதிக விலை. பனிச்சறுக்குக்குத் தேவை நிறையக் குறைந்த விலை. முதல் வேலை கல் கொட்டினால் முடிந்துவிடுகிறது. இரண்டாவதுக்கு அப்படி ஒரு சுலப வழி இல்லை. வேகத்தைக் குறைக்க கேட்களை நெருக்கி வைத்தால், வீரர் இன்னும் கூர்மையாகத் திரும்ப வேண்டும். முழங்காலுக்கு அதில் வேறு ஆபத்து. வலைகளைத் தள்ளி வைக்கலாம் என்றால், காட்டுக்கு நடுவே வெட்டிய பாதையில் தள்ளி வைக்க இடம் கிடையாது. 2024-25 சீசனிலிருந்து உலகக் கோப்பையின் வேகப் போட்டிகளில் உடைக்குள் ஏர்பேக் அணிவது கட்டாயமாகியிருக்கிறது. விழும்போது அது விரிந்து நெஞ்சையும் முதுகையும் காக்கும். கால்களுக்கு அது உதவாது.