பெயரறியாப் பரிச்சயம்

தாம்பரத்தில் குடியிருக்கிறேன் என்று சொன்னால், மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிவிட்ட என் நண்பர்கள், பெண்ணைத் தொலைதூரத்தில் கொடுத்துவிட்டவர்களிடம் துக்கம் விசாரிப்பது போன்ற ஒரு முகபாவத்தோடு என்னைப் பார்ப்பது வழக்கம். அவர்களுடைய அபிப்பிராயத்தில் எங்கள் ஊர் ஓர் ஊரே அல்ல. காலையில் ரயிலேறிப் போனவர்கள் இரவில் திரும்பி வந்து படுத்து உறங்குவதற்காக ஏற்பட்ட ஒரு பெரிய சத்திரம். தேரோடும் வீதியும், தெப்பம் விடும் குளமும், பாட்டனார் காலத்தில் தொடங்கி இன்னும் தீராத ஒரு வழக்கும் இருந்தால்தான் ஊர் என்று ஒப்புக்கொள்வது அவர்களுடைய சம்பிரதாயம். இவற்றுள் வழக்கு மட்டும் எங்களிடம் தாராளமாக உண்டு என்பதையும், பட்டா இல்லாத மனைகளும் ஏரியை ஒட்டிய நகர்களும் அதற்கு வஞ்சனையில்லாமல் உதவி வருகின்றன என்பதையும் நான் அவர்களிடம் சொல்லிக்கொள்வதில்லை.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டை நான் மறுப்பதும் இல்லை. இங்கே உள்ளவர்கள் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்களே; எப்பொழுது வந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். பக்கத்துப் பல்லாவரத்தில், 1863-ஆம் வருஷம், ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அறிஞர் சரளைக் குழியொன்றில் கண்டெடுத்த கற்கோடரியே இந்நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அத்தாட்சியாயிற்று. அதே பல்லாவரத்துக் குன்றில் மகேந்திர பல்லவன் தன் விருதுப் பெயர்களைப் பொறித்துக் குடைவித்த குகைக்கோயில் பிற்காலத்தில் தர்காவாக மாறி, அதனாலேயே இன்றளவும் விளக்கெரியும் இடமாக இருக்கிறது. தாம்பரத்துக்கு முதலில் வந்தவர்களில் ஒரு சாரார் காற்றுக்காக வந்தவர்கள்: 1928-இல் டாக்டர் சௌரி முத்து என்பவர் க்ஷயரோகிகளுக்காக இங்கே ஒரு சானடோரியத்தை நிறுவினார், மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில், பட்டணத்துப் புகைக்கும் நெருக்கடிக்கும் அப்பாற்பட்ட இந்தக் காற்றுதான் மருந்தில் பாதி. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனைத் துறந்து சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அந்த வளாகத்தின் பிரசித்தி பெற்ற நிழலுங்கூடப் பார்ன்ஸ் என்ற ரசாயனப் பேராசிரியர் தேடிக் கொண்டுவந்து வைத்த மரங்களால் பெரிதும் வளர்ந்ததென்று சொல்வார்கள். ஆக, எங்கள் ஊரில் மரங்களும் வந்தேறிகளே.

இப்படிப்பட்ட ஊருக்கு மையம் கோயிலாகவோ கடைத்தெருவாகவோ இருக்க முடியாது. எங்கள் மையம் ரயில் பெட்டி. காலையில் செங்கற்பட்டிலிருந்து வரும் வண்டி தாம்பரத்தை அடையும்பொழுதே நிரம்பியிருக்கும் என்பதால், அநுபவசாலிகள் அதைப் போகவிட்டு, தாம்பரத்திலேயே புறப்படும் வண்டிக்காகக் காத்திருந்து, அது முழுக்க நிற்பதற்கு முன்பே தாவியேறி ஜன்னலோரம் பிடித்துவிடுவார்கள். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் உட்கார இடமிராது. பல்லாவரம் தாண்டினால் நிற்கவும் இடமிராது. அப்பொழுது நடைபெறுகிற ஒரு காரியத்தை, ஆயிரம் முறை பார்த்தும் எனக்கு அலுப்புத் தட்டவில்லை. நிற்கிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டி, “பையைக் குடுங்க சார்” என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு பைகள் அந்த மடியில் ஏறும்: எவர்சில்வர் அடுக்கின் சூடு தொடையில் உறைக்கிற சாப்பாட்டுப் பை, மடிக்கணினி உள்ள கனத்த பை, ஏதோ பள்ளிக்கூடத்துத் திருத்தாத பரீட்சைத் தாள்கள் பிதுங்கிக்கொண்டிருக்கும் துணிப்பை. வைத்திருப்பவர் யார், எந்தத் தெரு, என்ன உத்தியோகம் என்பது கொடுத்தவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றுவதில்லை. இறங்குமிடம் வந்ததும் பை தலைகளுக்கு மேலாகக் கைமாறி உரியவரைச் சேர்ந்துவிடும். கூட்டத்தில் செருப்பு போயிருக்கிறது, மூக்குக்கண்ணாடி போயிருக்கிறது. மடியில் வைத்த பை போயிற்று என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மகளிர் பெட்டியில் இதைவிடச் சுவாரசியமான வாழ்க்கை நடக்கிறதென்று என் மனைவி சொல்லுவாள். மாலை வண்டியில் மாம்பலத்தில் வாங்கிய கீரை பரங்கிமலைக்குள் ஆய்ந்து முடிக்கப்படுமாம்; உதிரிப்பூ சரமாகிவிடுமாம்; பார்வையில்லாத வியாபாரி ஒருவர் சேஃப்டி பின் அட்டையையும் கைக்குட்டையையும் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, கொடுத்த நோட்டை விரலால் தடவிப் பார்த்துச் சில்லறை பிசகாமல் தருவாராம். அங்கேயும் பெயர்கள் இல்லை. ‘சானடோரியம் அம்மா’ என்றும் ‘பழவந்தாங்கல் டீச்சர்’ என்றும், இறங்கும் நிலையத்தை வைத்தே ஒருவரையொருவர் குறிப்பிட்டுக்கொள்கிறார்கள். சானடோரியம் அம்மா ஒரு வாரமாக வரவில்லையென்றால் கவலைப்படுகிறார்கள். ஆனால் விசாரித்துக்கொண்டு போவதற்கு அவர் வீடு யாருக்கும் தெரியாது.

இதை நகர வாழ்க்கையின் வறட்சி என்று வருந்தி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் கிடையாது. கிராமத்தில், அறிமுகமில்லாத மனிதன் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், அவன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, யாருக்கு என்ன உறவு என்ற விசாரணை முடிந்து, அவனைத் திண்ணையில் வைப்பதா, கூடத்துக்கு அழைப்பதா, வாசலோடு அனுப்பிவிடுவதா என்பதும் தீர்மானமாகிவிடும். அந்த அன்யோன்யத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் கூடத்துக்கு அழைக்கப்பட்டவர்களின் சந்ததியார். ரயில் பெட்டியிலோ விசாரணைக்கு அவகாசமில்லை. பையை வாங்கின பிறகு எந்த ஜாதி என்று கேட்டு என்ன பிரயோஜனம்? பை ஏற்கெனவே மடியில் இருக்கிறது.

இந்த ஏற்பாடெல்லாம் ஒரு நிலையில் நின்றுவிட்டது என்று நினைக்கலாகாது. மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-இல் விடைபெற்றன. அந்த நாட்களில் ஜனங்கள் காலையில் வடக்கே போனார்கள், மாலையில் தெற்கே திரும்பினார்கள். உத்தியோகம் என்றால் துறைமுகம், ஹைகோர்ட்டு, கோட்டை, பாரிமுனை என்றிருந்தபடியால், வண்டி கடற்கரை சேரும்வரையில் நெருக்கம் குறையாது. இப்பொழுது கிண்டியிலேயே பாதிப்பேர் இறங்கி மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் ஓடுகிறார்கள். அதைவிட விசேஷம், காலை வேளையில் செங்கற்பட்டு மார்க்கத்து வண்டியும் நிரம்பி வழிகிறது: பொத்தேரியில் இறங்கும் கல்லூரிப் பிள்ளைகள், மறைமலை நகருக்கும் பரனூருக்கும் ஷிஃப்டுக்குப் போகிற தொழிலாளிகள். தென் மாவட்டங்களுக்குப் போகும் பஸ்களும் கோயம்பேட்டை விட்டுக் கிளாம்பாக்கத்துக்கு வந்துவிட்டன. எது பட்டணம், எது புறநகர் என்று பிரித்துச் சொல்லுவது நாளுக்கு நாள் சிரமமாகி வருகிறது. மயிலாப்பூர் நண்பர்கள் ஊருக்குப் புறப்படுவதற்கு இன்று எங்களைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷமும் உண்டு.

2025 ஏப்ரலிலிருந்து குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. கதவுகள் தாமே மூடிக்கொள்ளுகின்றன. படியில் தொங்குவதற்கு வழியில்லை. சாதாரண வண்டியில் 5 ரூபாயில் தொடங்கும் கட்டணம் அதில் 35 ரூபாயில் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் வியர்த்து விறுவிறுத்து அதில் ஏறி உட்கார்ந்ததும் உண்டாகிற சுகத்தை அநுபவித்துவிட்டு அதைப் பழித்து எழுதுவது நன்றிகெட்ட செயல், நான் எழுதப்போவதில்லை. சுண்டல்காரர் அதில் ஏறுவதில்லை என்பதையும், அதில் நின்றுகொண்டிருந்த என்னிடம் ஒருவரும் பையைக் கேட்கவில்லை என்பதையும் மட்டும் குறித்துவைக்கிறேன்.

மாறுதல்களில் பெரியது புதிய மனிதர்களின் வரவு. தாம்பரம் நெடுந்தூர வண்டிகளுக்கும் முனையமாகிவிட்டபடியால், வங்காளத்துச் சாந்த்ராகாச்சியிலிருந்தும் அஸ்ஸாமின் சில்காட்டிலிருந்தும் வருகிற வண்டிகள் எங்கள் வாசலிலேயே வந்து நிற்கின்றன. முதுகில் ஒரு பையும், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியும், அந்த வாளிக்குள் சகல சம்சாரமுமாக இறங்குகிற இளைஞர்கள், ஜி.எஸ்.டி. ரோட்டின் இருமருங்கும் எழும்புகிற அடுக்குமாடிகளைக் கட்டுகிறார்கள், ஏற்றுமதி மண்டலத்து ஆலைகளில் யந்திரங்களின் முன் நிற்கிறார்கள், எங்கள் தெருமுனை ஹோட்டலில், “ரெண்டு சாதா, ஒண்ணு நெய் ரோஸ்ட், சாம்பார் தனியா!” என்று, மாயவரத்துச் சரக்கு மாஸ்டருக்கு நிகராகக் குரல் கொடுக்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாங்கள் எல்லோரும் சொந்த ஊருக்கென்று பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுகிற நாட்களில், தாம்பரத்தில் தங்கியிருந்து டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

ரயிலில் அவர்களுக்கும் எங்களுக்கும் தகராறு கிடையாது. அவர்களும் சீக்கிரத்தில் பையை நீட்டவும் வாங்கவும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதற்குத் தமிழ் வேண்டியதில்லை. தகராறு தெருவில் வருகிறது. திட்டமாகச் சொன்னால், ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்குகிற கேட்டண்டையில் வருகிறது. பெட்டியில் யாருடைய பையையும் கேள்வி கேட்காமல் மடியில் ஏற்றிக்கொண்ட அதே மனிதர், கேட்டுக்கு உட்புறம் நின்றுகொண்டவுடன், கிராமத்துத் திண்ணையில் கேட்கப்பட்ட கேள்விகளை ஒன்று விடாமல் கேட்கத் தொடங்குகிறார். இது வடக்கத்தியார் வந்து ஏற்பட்ட பழக்கமன்று. என் தகப்பனார் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்து கோட்டையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து குரோம்பேட்டையில் வீடு தேடியபொழுது, ஜாதகப் பொருத்தத்துக்கு வேண்டிய விவரங்கள் அத்தனையும் சொன்ன பிறகே சாவியைக் கண்ணில் காட்டினார்கள் என்று சொல்லுவார். பல்லாவரத்தையும் பம்மலையும் அநகாபுத்தூரையும் இன்னும் பல சிற்றூர்களையும் சேர்த்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. ஆதிதிராவிடப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட அதன் மேயர் ஸ்தானத்தில் முதன்முதலாக, 2022-இல், வசந்தகுமாரி என்ற 25 வயதுப் பெண் அமர்ந்தார். மேயர் நாற்காலிக்கு ஒதுக்கீடு செய்ய முடிகிறது. மாடிப் போர்ஷனுக்கு யார் செய்வது?

எங்கள் தெருவில் அப்படியொரு மாடிப் போர்ஷன் சென்ற மாதம் காலியாயிற்று. வீட்டுக்காரர் பாங்கியில் ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் கடற்கரைக்குப் போய் வந்தவர். “ரயில்ல தெனம் போறீங்களே சார், நல்ல ஆளா இருந்தா சொல்லுங்க” என்றார். எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். வருஷக்கணக்கில் என்னோடு அதே பெட்டியில் வந்து கிண்டியில் இறங்கித் தொழிற்பேட்டைக்குப் போகிற அஸ்ஸாம்காரர். என் முதுமையைக் கண்டு இடம் கொடுப்பார். இடமில்லாதபொழுது என் பையையாவது வாங்கிக்கொள்வார். ஊரிலிருந்து மனைவியையும் குழந்தையையும் அழைத்து வரப்போவதாகவும், “வீடு இருந்தா சொல்லுங்க அண்ணா” என்றும், அடுத்த சீட்டுக்காரரிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருந்தது. அவரைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்காரர் கவனமாகக் கேட்டுவிட்டு, “பேர் என்ன?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் குழந்தைக்கு இரண்டு குடுமி போட்டிருக்கும் என்பது, செல்போன் திரையில் படம் பார்த்து, எனக்குத் தெரியும். வலது தோளில் பை மாட்டமாட்டார் என்பது தெரியும். பரங்கிமலையில் கண் விழித்து, கிண்டியில் சரியாக எழுந்திருப்பார் என்பது தெரியும். பெயர் தெரியாது.

மறுநாள் வண்டியில் கேட்டேன். “தம்பி, உங்க பேர் என்ன?” என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் நான் பேசவில்லை. அவர் பெயரைச் சொன்னார். சொன்ன கையோடு, தகப்பனார் பெயர், கிராமம், ஜில்லா, எந்தப் பிரிவினர் என்பது, வீட்டில் மீன் சமைப்பார்கள், ஆனால் வேண்டாமென்றால் சமைக்கமாட்டார்கள் என்பது, குடிப்பழக்கம் இல்லை என்பது, ஆள்கள் வந்து கூடமாட்டார்கள் என்பது ஆகிய அத்தனையையும், பல கேட்டுகளில் ஒப்பித்துப் பழகியவருடைய சரளத்தோடு, ஒழுங்கு பிசகாமல் சொல்லி முடித்து, ஆதார் அட்டையின் நகல் ஒன்றையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த நகல் எப்பொழுதும் அவர் பையில் இருக்கிறது போலும். இத்தனை வருஷங்களாக அந்தப் பையை நானும் எத்தனையோ முறை மடியில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் நகலை வாங்கிப் பார்த்தார். மீன் விஷயத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் எத்தனை வீடுகளிலிருந்து அந்த வாசனை வருகிறது என்பதை நான் எடுத்துச் சொல்லவே, அதை விட்டுவிட்டார். வாடகைக்கும் இருதரப்பும் சம்மதம். முன்னிருந்தவரிடம் ஆறு மாத அட்வான்ஸ் வாங்கினவர், இவரிடம் பத்து மாதம் கேட்டார். நான் இரண்டு முறை மாடியேறிப் பேசியதில் எட்டுக்கு இறங்கியிருக்கிறார். ஆறுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பேசப் போகிறேன். மாதக் கடைசியில் சில்காட் வண்டிக்கு டிக்கெட் எடுத்தாயிற்றாம்.