கோதுமை ஒவ்வாத பிள்ளைக்கு ஒடியல் கஞ்சி



நமது வீடுகளில் காலை உணவு என்றால் பெரும்பாலும் பாண், ரொட்டி, பிட்டு, இடியப்பம்தான். சீனக்குடாவில் 1980இல் இயங்கத் தொடங்கிய பிரிமா மாவாலையை அறியாதவர் நம்மில் இல்லை. முகாம்களில் இருந்த காலத்திலும் நிவாரண உணவில் கோதுமை மா இருந்தது. அந்த மாவே ஒவ்வாத பிள்ளை வீட்டில் இருந்தால் தாய் என்ன செய்வாள்?

கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிலரது குடலைப் பாதிக்கிறது. இதுவே சீலியாக் நோய். ஓயாத வயிற்றோட்டம், வயிறு ஊதுதல், இரத்தச்சோகை, வளர்ச்சி குன்றுதல் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். இவர்களுக்கு அரிசியும் குரக்கனும் பொதுவாகத் தடையில்லை. வேறு ஒவ்வாமை காரணமாக எல்லாத் தானியங்களையும் சிறிது காலம் நிறுத்தும்படி வைத்தியர் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கைகொடுப்பது பனை. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இரண்டும் தானியமல்ல.

தேவையானவை (ஒருவருக்கு):
ஒடியல் மா – 2 மேசைக்கரண்டி
தண்ணீர் – ஒன்றரைக் கோப்பை
தேங்காய்ப்பால் – அரைக் கோப்பை
முருங்கையிலை – ஒரு பிடி
உள்ளி – 2 பல்லு
மிளகுதூள், உப்பு – அளவாக

செய்முறை:
மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஒரு மணித்தியாலம் வையுங்கள். மா அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் கைப்பு நீங்கும். இரவே செய்துவைத்தால் காலையில் அவசரமில்லை. தண்ணீரில் உள்ளியையும் முருங்கையிலையையும் அவித்து, கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் துழாவுங்கள். மா நன்றாக வெந்து தடித்ததும் தேங்காய்ப்பால், உப்பு, மிளகுதூள் சேர்த்து இறக்குங்கள். ஒடியல் மாவைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். இதில் புரதம் குறைவு என்பதால் அவித்த முட்டையோ மீனோ சேர்த்துக் கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை:
1. வைத்தியப் பரிசோதனைக்கு முன் நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.
2. கோதுமை அரைக்கும் ஆலையில் ஒடியலை அரைக்கக் கொடுக்காதீர்கள். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் சிறிதளவு மாவும் பிள்ளையைப் பாதிக்கும். வீட்டு உரலில் இடித்து, தனி அரிதட்டில் அரியுங்கள்.
3. தானியமில்லாத கஞ்சி என்பதால் நீரிழிவுக்காரர் விரும்பிய அளவு குடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். கிழங்கு மாவும் இரத்தத்தில் சீனியைக் கூட்டும். மருந்தையும் நிறுத்தக் கூடாது.

கணவரை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் சகோதரியைப் பார்த்து, “செல்லம் குடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறாய், ஒரு துண்டு பாண் என்ன செய்யும்?” என்று கேட்பவர்கள் உண்டு. சீலியாக் உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு துண்டு பாணும் கெடுதல்தான். இதைப் பாட்டிக்கும் அயலவருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் தயங்காமல் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள். பிள்ளையின் சாப்பாட்டை நீங்கள் ஒருவர் மாத்திரம் காவல் காக்க முடியாது. சுற்றியிருப்போரும் அறிந்திருந்தால்தான் முடியும்.